மொழியை வாசலில் வைத்த திருவிழா

பிரான்சில் ஜூலை மாதம் விழா நடக்காத ஊரைத்தான் தேட வேண்டியிருக்கும். அவிஞ்ஞோனில் நாடகம், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் ஓப்பரா, வியென்னில் ஜாஸ், பிரெத்தாஞ் பக்கம் கரே என்கிற சின்ன ஊரில் ராக். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. ஜாஸ் பிடிக்காதவன் வியென் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். அட்லாண்டிக் கரையில் இருக்கிற லா ரோஷெல் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஆண்டுதோறும் ஜூலை 14ஐ ஒட்டி நடக்கும் ஃபிராங்கோஃபோலி விழாவில் ராக்கும் உண்டு, ராப்பும் உண்டு, பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்து முனகுகிறவர்களும் உண்டு, எலக்ட்ரானிக் தாளத்தில் கூட்டத்தைக் குதிக்கவிடுகிறவர்களும் உண்டு. இத்தனை பேரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது ஒன்றுதான்: பிரெஞ்சில் பாடுகிறார்கள்.

"இசைக்கு மொழி கிடையாது" என்று மேடைக்கு மேடை சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. லா ரோஷெல்காரர்கள் 1985இலிருந்து இதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இசையை விடுங்கள், பாட்டுக்கு மொழி உண்டு. பாட்டில் சரிபாதி அதுதான். எனக்கு இதில் முழுச் சம்மதம்.

நான் புதுச்சேரிக்காரன். இப்போது இருப்பது பாரீஸ் புறநகர். பிரெஞ்சு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வினைச்சொல் அட்டவணையாகத்தான் அறிமுகம் ஆனது. அதே மொழியை யாராவது வாய்விட்டுப் பாடிக் கேட்டது ஜூன் 21 அன்று. எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாள் தெரியும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் அங்கங்கே மேடை போட்டு, மைக் கட்டி, இரவு வரை பாடுவார்கள். 1982இல் ழாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது பிரான்ஸ் தொடங்கிவைத்த இசைத் திருநாளின் புதுச்சேரிக் கிளை அது. அதில் யாரும் எதையும் வாசிக்கலாம்; கானா பாடினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. லா ரோஷெல் அப்படி இல்லை. அங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்து, இன்னாரை அழைப்பது, இன்னாரோடு இன்னாரைப் பாடவைப்பது என்று முடிவு செய்கிறார்.

அப்படி முதலில் யோசித்தவர் ஒரு வானொலிக்காரர். ழான்-லூயி ஃபூல்கியே, 1943இல் லா ரோஷெலிலேயே பிறந்தவர். கரகரத்த குரல். பிரான்ஸ் ஆந்தேர் என்கிற அரசு வானொலியில் பல்லாண்டு காலம் பாடகர்களைக் கூட்டிவந்து பேசவைத்து நேரலையில் பாடவைத்தார். பெயர் பெற்றவர்களையும் பெயரே தெரியாதவர்களையும் ஒரே மைக் முன்னால் நிறுத்துவது அவர் வழக்கம். அந்த வானொலி நிகழ்ச்சியைத் தூக்கிவந்து கடற்கரையில் வைத்ததுதான் இந்த விழா என்று சொன்னால் பாதிக்கு மேல் சரி.

மீதிப் பாதி கியூபெக்கிலிருந்து வந்தது. கியூபெக் நகரத்தில் 1968இலிருந்தே ஒரு கோடை விழா நடக்கிறது. 1974 ஆகஸ்டில் அங்கே ஆபிரகாம் சமவெளியில் ஃபெலிக்ஸ் லெக்லேர், ழில் விக்னோ, ரொபேர் ஷார்லெபுவா ஆகிய மூன்று தலைமுறைப் பாடகர்கள் ஒரே மேடையில் பாடியதை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் கண்டத்துக்கு நடுவில், எங்கள் மொழி இன்னும் இருக்கிறது என்று காட்டுவதற்குப் பாட்டைக் கையில் எடுத்த கூட்டம் அது. ஃபூல்கியே கியூபெக் விழாவைப் பார்த்தார். பிரெஞ்சு பிறந்த நாட்டிலேயே இப்படி ஒன்று இல்லையே என்று அவருக்கு உறைத்தது.

இதில் ஒரு வரலாற்றுக் கணக்கும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கனடாவுக்குக் குடியேறப் போன பிரெஞ்சுக்காரர்களில் கணிசமானவர்கள் கப்பல் ஏறியது லா ரோஷெல் துறைமுகத்தில்தான். இங்கிருந்து மொழி கப்பலேறிப் போனது. மூன்று நூற்றாண்டு கழித்து அங்கிருந்து திருவிழா வந்து சேர்ந்தது. அதே துறைமுகத்திலிருந்து அடிமை வணிகக் கப்பல்களும் போயின. அந்த வணிகத்தில் பிரான்சிலேயே நாந்த் நகருக்கு அடுத்தபடியாக இருந்த துறைமுகங்களில் இதுவும் ஒன்று. கடலோரத்துப் பழைய வெள்ளைக்கல் மாளிகைகளைப் பார்த்து வாய்பிளக்கும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

யோசனை இருந்தால் மட்டும் போதாது, ஊர் ஒத்துழைக்க வேண்டும். அப்போது லா ரோஷெல் மேயர் மிஷெல் க்ரெப்போ. 1971இலிருந்து 1999இல் இறக்கும்வரை அவர்தான் மேயர். 1976இலேயே ஊருக்குள் மஞ்சள் மிதிவண்டிகளை விட்டு, எடுத்து ஓட்டுங்கள், ஓட்டி முடித்ததும் வையுங்கள் என்று சொன்ன ஆள். பெரிய நகரங்கள் பலவும் வாடகை மிதிவண்டிகளைப் பற்றி யோசிக்கவே இன்னும் பல ஆண்டு ஆயிற்று. அப்படிப்பட்டவரிடம் போய் ஊர் நடுவில் பாட்டுத் திருவிழா நடத்தலாம் என்று சொன்னால் வேண்டாம் என்றா சொல்வார்? 1985 ஜூலையில் முதல் விழா நடந்தது.

முக்கிய மேடை இருக்கும் இடம் சேன்-ழான்-தாக்ர் திடல். பெயரைக் கேட்டால் ஏதோ சிலுவைப்போர்க் களம் மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் கார் நிறுத்துமிடம். விழா நாட்களில் கார்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கே மேடை எழுப்புகிறார்கள். ஃபூல்கியே 2013 டிசம்பரில் இறந்த பிறகு அந்த மேடைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். திடலுக்குப் பக்கத்திலேயே பழைய துறைமுகத்தின் வாய். அதன் இருபுறமும் இரண்டு கோபுரங்கள், ஒன்றின் பெயர் சங்கிலிக் கோபுரம். அந்தக் காலத்தில் இரவானால் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே இரும்புச் சங்கிலியை இழுத்துக் கட்டி, கப்பல் நுழையாமல் துறைமுகத்தை மூடிவிடுவார்களாம். இப்போது அந்தக் கோபுரங்கள் மேடைக்கு இயற்கையான திரைச்சீலையாக நிற்கின்றன. எந்தச் செட் போட்டாலும் இந்த அழகு வராது.

ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். அதனால் மாலையில் முதலில் பாடுகிறவர்கள் பாவம், பட்டப்பகல் வெளிச்சத்தில் பாட வேண்டும். மேடை விளக்குகள் எரிவது கண்ணுக்கே தெரியாது. கூட்டம் அப்போதுதான் கையில் பீர்க் கோப்பையோடு உள்ளே வந்துகொண்டிருக்கும். அந்தக் கோப்பைக்கும் முன்பணம் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் காசைத் தருவார்கள். கடற்காகங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, பாடகரை மதிக்காமல் கத்தும். நுழைவாயிலில் காதில் அடைக்கிற பஞ்சுக் குமிழ்களை இலவசமாகத் தருகிறார்கள். தருமம் இல்லை, சட்டம். 2017இல் போட்ட ஆணைப்படி, கச்சேரியின் ஒலி பதினைந்து நிமிடச் சராசரியில் 102 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக் காப்பும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த அளவுக்குள் வைத்துக்கொண்டதால் ஒரு நன்மை: வரிகள் தெளிவாகக் கேட்கின்றன. மொழிக்காக நடத்தும் விழாவில் சொல் கேட்காவிட்டால் என்ன பயன்?

சொல் கேட்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பிரெஞ்சுப் பாட்டு மரபே எழுதுகிறவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நம்மிடம் ஒருவர் எழுதுவார், இன்னொருவர் மெட்டமைப்பார், மூன்றாமவர் பாடுவார், திரையில் நான்காமவர் வாயசைப்பார். அங்கே ஷான்சோன் என்று சொல்லிக் கொண்டாடுகிற வகையில் முதல் மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்வதுதான் பெருமை. பாட்டு அவருடைய சொந்தக் குரல், சொந்த வாழ்க்கை என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் இன்னொருவர் பாட்டைப் பாடுவது அங்கே சாதாரண விஷயம் இல்லை.

ஃபூல்கியே கண்டுபிடித்த உத்தி சரியாக இந்த இடத்தில்தான் வேலை செய்தது. ஒரு பாடகரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கென்று ஓர் இரவை ஒதுக்குவார். அந்தப் பாடகரின் நண்பர்களும் இளையவர்களும் வந்து அவர் பாட்டுகளை அவர் எதிரிலேயே, அவரோடு சேர்ந்தும் பாடுவார்கள். விருதும் இல்லை, பொன்னாடையும் இல்லை, வாழ்த்துரையும் இல்லை. பாட்டே வாழ்த்து. 1987இல் லியோ ஃபெர்ரேவுக்கு அப்படி ஓர் இரவு நடந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. போதலேர், ராம்போ, வெர்லேன், அராகோன் என்று பெருங்கவிஞர்களின் கவிதைகளுக்கெல்லாம் மெட்டுப் போட்டவர். அரசு, இராணுவம், தேவாலயம் எதையும் விட்டுவைக்காமல் திட்டியவர். அந்த இரவின் ஒலிப்பதிவு தட்டாகவும் வந்திருக்கிறது, தேடிக் கேளுங்கள். அந்த அராஜகவாதி 1993இல் இறந்தது ஜூலை 14 அன்று, பிரெஞ்சு தேசிய நாளில், நாடெங்கும் வாணவேடிக்கை நடக்கும் நாளில். அவரைக் கேட்டிருந்தால் அந்தத் தேதியை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இப்படி ஓர் இரவில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மூத்த பாடகி மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது வயதுப் பெண் ஒருத்தி, கிட்டார்கூட இல்லாமல், அந்த அம்மாளின் பழைய பாட்டு ஒன்றை எடுத்து இரண்டு மடங்கு மெதுவாகப் பாடுகிறாள். முதல் கண்ணியில் அந்த அம்மாள் முகத்தில் லேசான சுணக்கம். என் பாட்டை என்ன செய்கிறாய் என்பது போல. இரண்டாவது கண்ணியில் உதடு தானாக அசைகிறது. மூன்றாவதில் எழுந்து வந்து, மைக்கைத் தொடாமல், பெண்ணின் தோளில் கையை வைத்துக்கொண்டு கீழ்ச்சுருதியில் சேர்கிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற மூன்று தலைமுறைக் குடும்பத்தில் பாட்டிக்கும் பேத்திக்கும் வரிகள் மனப்பாடம். நடுவில் இருந்த அப்பாவுக்குத்தான் தெரியவில்லை. அவர் ஆங்கில ராக் கேட்டு வளர்ந்த தலைமுறை. அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

அந்த அப்பாவின் தலைமுறைக்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் 1981 வரை வானொலி பெரும்பாலும் அரசின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டு மித்தரான் குடியரசுத் தலைவராக ஆட்சிக்கு வந்த பிறகு தனியார் பண்பலை வானொலிகள் காளான் மாதிரி முளைத்தன. விளம்பரக் காசு வேண்டும், காசு வேண்டுமென்றால் உலகமெல்லாம் கேட்கிற ஆங்கிலப் பாட்டு வேண்டும். பத்தே ஆண்டில் நிலைமை மோசம் என்று பிரெஞ்சு இசையுலகம் புலம்ப ஆரம்பித்தது. 1994இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: வானொலிகள், கேட்பவர் அதிகம் இருக்கும் நேரத்தில் ஒலிபரப்பும் பாட்டுகளில் நூற்றுக்கு 40 பிரெஞ்சில் இருக்க வேண்டும், அந்த 40இலும் பாதி புதியவர்களுடையதாகவோ புதிய பாட்டாகவோ இருக்க வேண்டும். 1996 தொடக்கத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. கியூபெக் பக்கம் இன்னும் கறார். அங்கே பிரெஞ்சு வானொலிகளுக்கு 65 விழுக்காடு.

சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது கிட்டாரும் மென்மையான குரலும் கொண்ட பழைய ஷான்சோனாகத்தான் இருந்திருக்கும். நடந்தது வேறு. இளைஞர்களைப் பிடித்துவைக்க வேண்டும், அதே சமயம் பிரெஞ்சுப் பாட்டும் போட வேண்டும் என்றால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ராப். ஸ்கைராக் வானொலி தொண்ணூறுகளின் நடுவில் ராப் பக்கம் திரும்பியது. 1997இல் வந்த, மார்சேய் நகரத்து ஐ.ஏ.எம். என்கிற ராப் குழுவின் ஒரு தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மொழிக் காவலர்கள் போட்ட வேலிக்குள் முதலில் செழித்து வளர்ந்தது, மொழிக் காவலர்களுக்குப் பிடிக்காத பயிர். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

வானொலிகளும் சும்மா இருக்கவில்லை. அதே பத்துப் பிரெஞ்சுப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு 40ஐ ஒப்பேற்றினார்கள். அதைப் பிடித்து 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பத்துப் பாட்டுகளே பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்தால், கூடுதலாகப் போட்டது கணக்கில் சேராது. சட்டத்தால் ஒரு பாட்டை ஒலிக்கவைக்கலாம். அதை ஒருவன் காசு கொடுத்து, இரண்டு மணி நேரம் கால்கடுக்க நின்று கேட்பதற்குச் சட்டம் போட முடியாது. அந்த வேலையை ஃபிராங்கோஃபோலி மாதிரி ஒன்றுதான் செய்ய முடியும்.

என் அக்கா மகன் பாரீஸிலேயே பிறந்தவன். ஒருமுறை அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். ரயிலில் போகும்போதே, "மாமா, நீங்க கேக்கறதெல்லாம் தாத்தா பாட்டு, நான் ராத்திரிக்குத்தான் வருவேன்" என்றான். ராத்திரிக்கு ராப். அவன் வயதுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் வரி தவறாமல் சேர்ந்து சொல்கிறார்கள். எனக்கு நாலில் ஒன்றுதான் புரிந்தது. அசையை முன்பின்னாகப் புரட்டிப் போட்ட தெருப்பேச்சு, நடுவில் அரபுச் சொல், மாலி நாட்டுச் சொல், அங்கங்கே ஆங்கிலம். "இது பிரெஞ்சாடா?" என்றேன். "நாங்க பேசறது இதான் மாமா. நீங்க படிச்சது புத்தகம்" என்றான். பதில் சொல்லத் தோன்றவில்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

இதே சண்டை 2024இல் நாடு முழுக்க நடந்தது. பாரீஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அயா நக்கமுரா பாடப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியதும், அவர் பாடுவது பிரெஞ்சே இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மாலியில் பிறந்து பாரீஸ் புறநகரில் வளர்ந்தவர். உலகில் அதிகம் கேட்கப்படும் பிரெஞ்சு மொழிப் பாடகிகளில் முன்வரிசையில் இருப்பவர். விழா நாளில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரெஞ்சு மொழிக்கு அகராதி போடும் அகாதெமி உட்கார்ந்திருக்கும் மாளிகை வாசலிலிருந்தே அவரை நடந்துவரச் செய்து, குடியரசுக் காவல்படையின் வாத்தியக் குழுவைப் பின்னால் வாசிக்கவிட்டார்கள். தன் பாட்டோடு பழைய ஷான்சோன் பாடகர் ஷார்ல் அஸ்னவூரின் பாட்டையும் கோத்துப் பாடினார். கடற்கரைத் திடலில் ஃபூல்கியே நடத்திக்கொண்டிருந்த அதே உத்தி, இன்னொருவர் பாட்டை எடுத்துப் பாடவைப்பது.

ஆக, மொழியை வாசலில் வைத்தாலும் வாசலை அகலமாக வைத்ததால்தான் இந்த விழா பிழைத்தது என்பது என் கணிப்பு. இப்போதெல்லாம் ஆங்கிலம் கலந்து பாடுகிறவர்களையும் மேடையேற்றுகிறார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இலக்கணம் பார்த்து ஆள் சேர்த்திருந்தால் பத்தாவது ஆண்டிலேயே கடையைக் கட்டியிருப்பார்கள்.

கடையைக் கட்டுகிற நிலை ஒருமுறை வரவும் செய்தது, வேறு காரணத்தால். பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கும் ஒலி, ஒளிக்காரர்களுக்கும் தனி வேலையில்லாக் காப்பீடு உண்டு. ஓராண்டில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், வேலை இல்லாத மாதங்களுக்குப் படி கிடைக்கும். 2003இல் அந்த விதியை இறுக்கினார்கள். 507 மணி நேரத்தைப் பத்து, பத்தரை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், படி கிடைக்கும் காலமும் ஓராண்டிலிருந்து எட்டு மாதமாகக் குறைந்தது. கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவிஞ்ஞோன் விழா ரத்து, எக்ஸ் விழா ரத்து, லா ரோஷெலும் ரத்து. அடுத்த ஆண்டு ஃபூல்கியே தன் பிள்ளையை மோர்கான் என்கிற தயாரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 2020இல் கொரோனாவால் இன்னொரு முறை நின்றது. மேடையில் பாடுகிறவரை மட்டும் பார்த்துக் கைதட்டுகிற நமக்கு, பின்னால் கம்பி இழுக்கிற ஆள் வரவில்லையென்றால் பாட்டே இல்லை என்பது அந்த 2003இல் தெரிந்தது.

கைமாறிய பிறகு விழா வணிகமாகிவிட்டது என்ற குறை இன்றும் உண்டு. பெரிய திடலைப் பொறுத்தவரை நானும் அதில் கொஞ்சம் சேர்ந்துகொள்வேன். வேறு எந்த விழாவிலும் அதே கோடையில் பார்க்கக்கூடிய அதே பெயர்கள் அங்கே சில இரவுகளில் வரிசையாக வருகின்றன. ஆனால் சரக்கு அரங்குகளுக்குள் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய லா கூர்சிவ் அரங்கில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகள். லா பாலிஸ் துறைமுகப் பக்கம் லா சிரேன் என்கிற அரங்கம். அந்த லா பாலிஸில்தான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் தளம் இன்னும் கருங்குட்டிச்சுவர் மாதிரி நிற்கிறது. 'தாஸ் பூட்' என்கிற நீர்மூழ்கிக் கப்பல் படத்தின் துறைமுகக் காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். பாட்டுக்கு வந்தவன் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொன்று, கூட்டத்தின் கண்ணில் படாத வேலை. 1998இலிருந்து இளம் பாடகர்களைத் தேர்ந்தெடுத்து லா ரோஷெலில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஷாந்தியே என்று பெயர். மேடையில் எப்படி நிற்பது, மூச்சை எங்கே விடுவது, இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன பேசுவது, விளக்குக்காரரிடம் எப்படிச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. நாலு சுவருக்குள் கணினியில் பாட்டுச் செய்து இணையத்தில் போட்டுப் புகழ் பெற்றுவிடலாம். பதினாயிரம் பேர் முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது அப்போதும் தெரியாது. அதைத்தான் கற்றுத் தருகிறார்கள். கிறிஸ்தீன் அண்ட் தி குயின்ஸ், ஃபே! ஷாத்தெர்த்தோன் போன்றவர்கள் அந்த வழியாக வந்தவர்கள்தான். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்காகவும், பிள்ளைகளுக்குப் பாட்டு வழியே மொழி சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முழக்கத்தில் ஒன்றும் இல்லை, மூச்சுப் பயிற்சியில் இருக்கிறது விஷயம்.

லா ரோஷெலின் பெயரில் வெளியூர்க் கிளைகளும் முளைத்தன. கியூபெக்கிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதுபோல் 1989இல் மொன்ட்ரியாலில் ஒன்று. அது இப்போது ஃபிராங்கோ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு ஜூனில் நடக்கிறது. 1994இல் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் ஒன்று. நம்மவர்களுக்கு நெருக்கமானது ரீயூனியன் தீவில் நடப்பது. அந்தத் தீவின் மக்களில் கணிசமானவர்கள், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாரிசுகள். மாரியம்மன் கோயில், தீமிதி எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் கிரியோல். அங்கே பிரெஞ்சுப் பாட்டு விழா நடத்தினால் கிரியோலையும், அடிமைகளிடமிருந்து வந்த மலோயா இசையையும் எப்படி வெளியே நிறுத்த முடியும்? அதிகாரிகள் நீண்ட காலம் ஒடுக்கிவைத்த அந்த மலோயாவை 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அந்தத் தீவில் நின்று கோடு போட்டுக் காட்டட்டும் பார்க்கலாம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் அக்கா திட்டுவாள். லா ரோஷெல் பக்கத்தில் முக்லாட் என்று ஒரு பதார்த்தம். கடல் சிப்பியை வெள்ளை ஒயினில் அவித்து, பாலேட்டில் போட்டு, அதில் ஒரு சிட்டிகை கறித்தூள் சேர்ப்பார்கள். ஆமாம், கறித்தூள்தான். துறைமுகத்தில் கீழ்த்திசை மசாலா வந்து இறங்கிய காலத்து ஞாபகம் அது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். காரம் நம் நாக்குக்குத் தொடக்கம்கூட இல்லை. ஆனாலும் மாலைக் கச்சேரிக்கு முன்னால் துறைமுகத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும்.

ஜூலையில் பாரீஸ் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாக இது. ஈஃபெல் கோபுரம் எங்கும் ஓடிப்போகாது. மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் லா ரோஷெல். அறையைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். எழுபத்தைந்தாயிரம் சொச்சம் பேர் வாழ்கிற ஊருக்குள் விழா நாட்களில் அதைவிடப் பெரிய கூட்டம் வந்து இறங்குகிறது, கடைசி நேரத்தில் போனால் விலை கண்ணைக் கட்டும். திடலுக்கு ஓர் இரவு, லா கூர்சிவ் அரங்குக்கு ஓர் இரவு என்று பிரித்துச் சீட்டு வாங்குங்கள். நகருக்குள் இலவசக் கச்சேரிகளும் உண்டு. போவதற்கு முன் பாடப்போகிறவரின் நாலைந்து பாட்டுகளின் வரிகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ யாரையாவது சொல்லச்சொல்லிப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போனால் பாதிக் காசு வீண்.